சுஹைராவின் சிங்களம்

"உங்கட பதில் வேண்டாம். பிள்ளையிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் டொக்டர், சிங்களத்தில்.

இன்னொரு தரம் மருந்து ஏற்றலாம், ஆனால் பிழைப்பாள் என்ற நம்பிக்கை இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் நோவுக்கு மருந்து தருகிறோம். இதைக் கட்டிலின் தலைமாட்டில் நின்றே சொன்னார். அந்தப் புற்றுநோய் வார்ட்டில் எல்லாரும் பிள்ளைகளின் தலைக்கு மேலால்தான் கதைப்பார்கள்.

சுஹைராவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிங்களச் சிப்பாய்கள் இருந்த சீனன்குடா முகாமுக்கு முன்னால் வாப்பாவின் தேத்தண்ணிக் கடையில் வளர்ந்தவள். ஐந்து மாதமாக வார்ட்டின் தமிழ்த் தாய்மாருக்கெல்லாம் அவள்தான் வாய். ஒரு சொல் கூட்டினதில்லை, குறைத்ததில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகளிடம் திரும்பியபோதுதான் நாக்குப் புரண்டது. மருந்து ஏற்றினால் சுகம் வந்துவிடுமாம், ஏற்றுவோமா என்று கேட்டாள்.

ஸல்ஹாவுக்கு ஒன்பது வயது. மடியில், பக்கத்துக் கட்டில் சிங்களப் பிள்ளை செவ்மினியின் சீட்டுக்கட்டு. இரண்டும் நாள் முழுக்கக் குசுகுசுவென்று விளையாடும். பாஷை தெரியாமல் எப்படித்தான் விளையாடுதுகளோ என்று சுஹைரா சிரித்திருக்கிறாள்.

அந்தக் கட்டில் காலியாகிப் பன்னிரண்டு நாள்.

"காணும் உம்மா, போதும். ஊசி வேணா. கிண்ணியாவுக்கு, நம்மட வீட்டுக்குப் போவம்."

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

மருந்து ஏற்றச் சொல்கிறாள் என்று டொக்டரிடம் சொன்னாள் சுஹைரா. குரல் நடுங்கவில்லை. நடுங்காததற்காகவே தன்னை வெறுத்தாள்.

டொக்டருக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளையின் பக்கம் குனிந்து, சரிதானா என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஸல்ஹா உம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் சொன்னாள்.

"உம்மா சொன்னது சரி. மருந்து ஏத்துங்க."

சொன்னது சிங்களத்தில். செவ்மினி கதைப்பது போலவே, ஒரு பிழை இல்லாமல்.

ஐந்து மாதமாகத் தலைக்கு மேலால் போன கதை ஒன்றையும் மகள் தவறவிடவில்லை என்று சுஹைராவுக்கு அப்போதுதான் விளங்கியது. டொக்டரைத் தடுக்க வாயைத் திறந்தாள். எந்தப் பாஷையும் வரவில்லை.

அவர் எழுதி முடித்து, காலிக் கட்டிலைத் தாண்டிப் போனார்.

ஸல்ஹா சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டாள்.