இசக்கியின் மளை

இறந்துபோன கணவர் இசக்கி பாடி வைத்திருந்த ஒரே பாட்டுக்கு மூன்று வருடம் படம் வரைந்து, அனிமேஷன் வீடியோவாக்கி, அன்று காலையில்தான் சுடர்விழி இணையத்தில் ஏற்றியிருந்தாள். கோவில்பட்டியிலிருந்து நாத்தனார் செண்பகம் போனில் கூப்பிட்டாள்.

"நாலு தடவ பாத்துட்டேன் மதினி. அண்ணன் அப்படியே நடந்து வாரான். ஆனா வாயும் பாட்டும் ஒட்டலியே?"

"நான் சரியாத்தான் வரைஞ்சேன். ஏத்தினதும் அந்த வீடியோ தளம் அவர் உச்சரிப்பைத் தானாவே திருத்திடுச்சு."

இசக்கிக்கு 'ழ' வராது. மழையை 'மளை' என்றுதான் பாடியிருந்தார்.

"நல்லதுதானே மதினி. நீங்கதான் அத வச்சு அவன ஓட்டிக்கிட்டே இருப்பீங்க."

"ஓட்டினேன்தான். இப்ப அதைக் கேக்கணும்போல இருக்கு. நான் வச்சிருந்த அசல் பதிவையும் சேத்துத் திருத்திடுச்சு. உனக்கும் அதே நாக்குதானே, ஒருக்கா சொல்லேன்."

செண்பகம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சுடர்விழியின் காதில் சுத்தமாக "மழை" என்று விழுந்தது. இத்தனை நாள் பேசியும், போனும் இப்படித் திருத்துவதை அவள் கவனித்ததில்லை.

"கேட்டுச்சா மதினி?"

"இல்ல. நாளைக்கே பஸ் ஏறி வர்றேன். கதவைத் திறந்ததும் வாங்கன்னுகூடக் கேக்காத. முதல்ல அதைச் சொல்லு."