மறுப்புச் சொல்லக் கடைசி நாள்

பூவலிங்கம் இறந்து ஏழு மாதமாகிறது. அவர் வாங்கிய கடனை வசூலிக்கும் நிறுவனம், கணினியில் போலியாக உருவாக்கிய அவருடைய குரலிலேயே மனைவி செண்பகவல்லியை அழைத்துக்கொண்டிருந்தது. ‘கடன் வாங்கியவர் இறந்துவிட்டார்’ என்று அந்த அழைப்பில் அவள் வாயால் சொன்னால் போதும். இன்றைக்குள் சொல்லாவிட்டால் கடன் அவள் தலையில் விழும். கடன் மதிப்பெண் சரிந்து, வாடகைக்கு வீடுகூடக் கிடைக்காது.

ஃபோன் அடித்தது. எடுத்தாள்.

“ஏளா, தவணை இன்னும் கட்டலையே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

செண்பகவல்லி ஃபோனைக் கீழிறக்கிக் கையால் பொத்திக்கொண்டாள்.

“செத்துட்டாருன்னு சொல்லும்மா,” என்று மகள் காதருகே கிசுகிசுத்தாள்.

“அவுககிட்டயே எப்படிட்டீ சொல்ல?”

பிறகு ஃபோனை வாயருகே கொண்டுவந்தாள்.

“நான் கட்டிருதேன். நீங்க வெசனப்படாதீங்க.”