தள்ளுவண்டி

"இடது பக்கம் மொத்தமா போயிடுச்சு. எனக்காக யாரும் நிக்காதீங்க, நீங்க போங்க" என்று போனில் சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

மறுமுனையில் பேசியவர் பைக் கிளப்பின் தலைவர். அவர் பதறவில்லை. "இந்த மாசமுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த மாசமும்தான். என் கடையில இருக்கற மருந்தைவிட இதுகிட்ட இருக்கற வியாதி ஜாஸ்தி."

போனது வண்டியின் இடது சிலிண்டர். முப்பத்தெட்டு வயதான, இரண்டு சிலிண்டர் பந்தய பைக் அது. இடது பக்கத்துக்கு ஆயில் சரியாக ஏறாமல், சூடாகி, பிஸ்டன் இறுகிக்கொள்வது அந்த மாடலின் பிறவிக் குணம். வைத்திருப்பவர்கள் எல்லோரும் பட்ட பாடு என்பதால் கிளப்பில் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பன்னிரண்டு பைக்குகள் மலைப்பாதைக்குக் கிளம்பும். கடைசி வண்டி இவருடையது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாது. தண்ணீர்த் தொட்டி வளைவில், மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்ததும், இருமி நின்றுவிடும். பத்து மாதமாக இதே கதை. கிளப்பில் அவருக்கு 'தள்ளுவண்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஹெல்மெட்டின் பின்னால் அதைப் பெயின்டால் எழுதிக்கொண்டவர் அவரேதான்.

தோல் கோட்டும் முழங்கால் கவசமுமாக, வியர்க்க வியர்க்க வண்டியைத் தள்ளினார். நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டுக்காரர் அவரை முந்திக்கொண்டு போனார்.

"இன்னிக்கு என்ன வேகம் சார்?"

"உங்க நாய் கொஞ்சம் நின்னா முந்திடுவேன்."

வீட்டு வாசலில் மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்காக, உள்ளே மேசைமேல் இரண்டு கோப்பைகளில் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"திரும்பவும் இடது பக்கமா?"

"வேற எது? என் ராசிக்கு வலது பக்கம் வேலை செய்யறதே அதிசயம்."

மனைவி சிரித்தார். அவரும் சிரித்தார். காபி சரியான சூட்டில் இருந்தது.

மறுநாள் காலையில்தான் வினை வந்தது. இரக்கப்பட்ட கிளப்காரர்கள் ஒரு மெக்கானிக் அம்மாவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பழைய எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்பவர் என்று பெயர் வாங்கியவர். வாசலில் மனைவியிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார்.

மருந்துக்கடைக்காரருக்குக் கைகால் ஓடவில்லை. "பிரிக்காதீங்கம்மா. க்ராங்க் சீல் போயிருக்கும், அது இப்ப எங்கயும் கிடைக்காது. ஆயில் பம்ப்பும் சந்தேகம். மூணாவது கியர் வேற நழுவும். இது தேறாத கேஸ்."

"நோயாளியைப் பார்க்காமலே மருந்து சொல்லக் கூடாதுன்னு உங்க தொழில்லயும் இருக்கும்ல?" என்றபடி மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார்.

அரைமணி நேரம் ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவர் பெட்ரோல் டேங்கின் அடியில் கையை விட்டு எதையோ திருப்பினார். ஸ்டார்ட்டரை ஓங்கி ஓர் உதை உதைத்தார். இரண்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு உறுமின. சட்டென்று அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"எஞ்சின் பிரமாதமா இருக்கு சார். பெட்ரோல் டேப்தான் மூடியிருந்துச்சு. கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கற பெட்ரோல் தீர்ற வரைக்கும்தான் ஓடும். ஒரு கிலோமீட்டர் வரும்."

"முக்கால்" என்றார் மருந்துக்கடைக்காரர், தரையைப் பார்த்தபடி.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் மூடறேன். போன வருஷம் நான் மலையில இருந்தப்ப, இவ தலை சுத்தி சமையலறையில விழுந்துட்டா. மூணு மணி நேரம் தரையிலயே கிடந்திருக்கா. நான் வளைவுல முழங்காலைச் சாய்ச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப போகலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"ஒரு தடவை சொன்னேன். 'என்னாலதானே உங்க ஒரே சந்தோஷமும் போச்சு'ன்னு ரெண்டு நாள் சாப்பிடலை. வண்டி மேல பழி போட்டா, யார் மனசும் நோகாது. என்ன, நான் கொஞ்சம் கோமாளியாகணும். அது எனக்குப் புதுசு இல்ல."

மெக்கானிக் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார்.

"கிளப்ல என்னம்மா சொல்லப் போறீங்க?"

"இடது சிலிண்டர், தேறாதுன்னு சொல்லிடறேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு உதவி. டேப் விஷயம் என் வீட்டுல தெரியவே கூடாது."

மெக்கானிக் வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடினார்.

"அவங்களுக்குத் தெரியும்கறது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, வாசல்லயே சொல்லித்தான் சார் என்னை உள்ள விட்டாங்க."