ஏழாவது விதி

மேவிஸ் கதவைத் திறந்தபோது தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் மூன்று ஸ்வெட்டர், இடுப்பில் துண்டால் கட்டிய வெந்நீர்ப் பை.

வீட்டுக்காரர் அனுப்பினார், பாய்லர் சர்வீஸ் என்றேன்.

கேஸ் வேலைக்கு வந்தவளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் கண்டதில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

சமையலறை வெப்பமானி பதினொரு டிகிரி காட்டியது. அக்டோபர் இருபத்தெட்டு. ஹாலிஃபாக்ஸில் மூன்று நாளாக மழை.

நவம்பர் பிறக்கும் முன்பு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் போடுவது எங்கள் ஊரில் கொஞ்சம் மானக்கேடு. இந்தத் தெருவில் அது பந்தயம். மேவிஸுக்கும் எதிர் வீட்டு நெவிலுக்கும் ஒன்பது வருடமாக நடக்கிறது. முதலில் போட்டவர் தோற்றார். ஜெயித்தவர், வெந்நீர் ஓடி அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டரில் அடைத்த காற்றை எடுக்கும் பித்தளைச் சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்து, அடுத்த குளிர்காலம் வரை வாசல் கதவில் தொங்கவிடலாம்.

இப்போது அது மேவிஸின் கதவில் தொங்குகிறது.

ஏமாற்ற வழியில்லை. பாய்லர் ஓடினால் வெளிச்சுவர்க் குழாயில் வெள்ளை ஆவி வரும். எதிர் ஜன்னலிலிருந்து பளிச்சென்று தெரியும். குளிக்க வெந்நீர் எடுத்தாலும் ஆவி வரும் என்பதால் அதற்கு ஏழு நிமிடம் அனுமதி.

விதிகளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்கள். நீல மையில் ஆறு. அடியில் ஏழாவது, புதிதாக, வேறு கையெழுத்தில்: சர்வீஸுக்காக ஓட்டினால் கணக்கில் சேராது.

நெவிலே போன வாரம் வந்து எழுதிவிட்டுப் போனாராம். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டான் என்று மேவிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலானது. நெடுநேரம் நிற்கவில்லை.

வீட்டைச் சூடாக வைத்திருக்கச் சொல்லி டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். எதிரே ஆவி வராமல் இங்கே வராது என்று அவரிடமே சொல்லியாயிற்றாம்.

நான் காலணிக்கு உறை மாட்டி, பாய்லரின் மூடியைக் கழற்றினேன். அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தைக் கழுவினேன். கேஸ் அழுத்தம் பார்த்தேன். எல்லாம் சரி.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில், எல்லா ரேடியேட்டரும் திறந்த நிலையில். புகையை அளக்கும் கருவியில் எண்கள் அசையாமல் நிற்கப் பத்து நிமிடம் பிடிக்கும்.

திறப்பதற்காக மாடிக்குப் போனேன். எல்லாம் ஏற்கெனவே திறந்திருந்தது. ஒவ்வொரு ரேடியேட்டர் மேலும் ஈரத் துணி காயப் போட்டிருந்தது.

பாய்லர் பற்றிக்கொண்டது. குழாய்கள் டக் டக்கென்று சோம்பல் முறித்தன.

மேவிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு ரேடியேட்டரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தார்.

"கண்ணு, கொஞ்சம் அந்த ஜன்னல்கிட்ட போய் நில்லேன். நீ நிக்கறத அவன் பாக்கணும். இல்லன்னா நான் தோத்துட்டேன்னு தெரு பூரா தமுக்கடிச்சிருவான்."

யாரும் என்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கருவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதிர் ஜன்னலில் நெவில். வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட், கழுத்தில் மஃப்ளர், இரண்டு கையாலும் பிடித்த ஒரு தேநீர்க் கோப்பை. ஆவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோப்பையை லேசாக உயர்த்தினார்.

அவனுக்கு வயிறு எரிகிறது என்றார் மேவிஸ், கண்ணை மூடியபடி, பரம திருப்தியாக.

பத்தாவது நிமிடத்தில் எண்கள் நின்றன. அத்தனையும் நல்ல எண்கள். அணைத்திருக்கலாம்.

இன்னொரு முறை அளக்க வேண்டும் என்றேன். அப்புறம் இன்னொரு முறை.

மேவிஸ் எழுந்து இஞ்சிக் கேக் வெட்டினார். ஒரு ஸ்வெட்டர் கழன்றது. பிறகு தொப்பி. பிறகு இரண்டாவது ஸ்வெட்டர். வெந்நீர்ப் பையை அவிழ்த்துத் தொட்டியில் போட்டார். நான்கு துண்டு கேக் சாப்பிட வைத்தார். வெப்பமானியில் பத்தொன்பது.

இருமல் சத்தம் கேட்டு வெகு நேரமாகியிருந்தது.

ஐம்பது நிமிடம் கழித்து அணைத்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். எதிர் வீட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பதினாலாம் நம்பரையும் நாளைக்கே பாத்துரு கண்ணு. அதுக்கும் இதே வீட்டுக்காரர்தான், அவர் அனுப்பினார்னே சொல்லு. முட்டி வலில மாடி ஏற முடியலயாம், கடையில சொல்லிருக்கான். என்கிட்ட வாயத் திறப்பானா, திமிரு புடிச்சவன். அவசரப்படாம நல்லா ஓட்டிப் பாரு, என்ன?"

தலையாட்டினேன்.

வண்டியில் உட்கார்ந்து போனில் வேலைப் பட்டியலைத் திறந்தேன். இன்றைய வரி மேலே இருந்தது.

ஒன்பதாம் நம்பர். அழைத்தவர்: நெவில், எதிர் வீடு. குறிப்பு: வீட்டுக்காரர் அனுப்பியதாகச் சொல்லவும். அவசரப்படாமல் ஓட்டிப் பார்க்கவும்.

அதன் கீழே நாளைக்கான வரியைச் சேர்த்தேன். பதினான்காம் நம்பர். அழைத்தவர்: மேவிஸ், எதிர் வீடு.

குறிப்பை மட்டும் தட்டச்சு செய்யவில்லை. மேலே இருந்ததையே நகலெடுத்து ஒட்டினேன்.