இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு அப்டேட்

"லேப்டாப்பை என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. சும்மா ஒரு அப்டேட்தான் போட்டேன்."

மனைவி திரையைப் பார்த்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. நடுவில் மவுஸ் அம்பு மட்டும் அநாதையாக அலைந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ. கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மகள் பிறந்தபோது விட்ட வேலை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். என்ன வேலை என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அவர் ஏதோ எர்ரரைத் தேடிக்கொண்டு "ம்ம்" கொட்டியிருந்தார்.

மச்சான் அவருக்கு வைத்த பட்டப்பெயர் லினக்ஸ்காரர். காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டமெல்லாம் அடிமைத்தனம், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்தான் சுதந்திரம் என்று துக்க வீட்டில்கூடப் பிரசங்கம் பண்ணுகிறவர். அந்தச் சுதந்திரத்தின் பலனாக, போன அப்டேட்டில் சவுண்ட் போனது. அதற்கு முந்தின அப்டேட்டில் பிரிண்டர் போனது. ஓடுவதை ஓடவிட்டால் என்ன? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு அவர் நெருங்கின சொந்தமாக இருக்க வேண்டும்.

"இன்டர்வியூவுக்குள்ள சரி பண்ணிடுறேன்" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

'நான் அப்பவே சொன்னேன்' என்று வழக்கம்போல் ஆரம்பிப்பாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவளோ செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவிடம் தன் தலைவிதியைச் சொல்லி அழுகிறாள் என்று நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவள், செல்போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதறாதீங்க. இப்போ ஸ்கிரீன்ல என்ன தெரியுது, சொல்லுங்க."

"என்ன தெரியும்? என் மூஞ்சிதான் தெரியுது."

"உங்க கஷ்டம் புரியுது. அப்டேட்டுக்கு முன்னாடி நல்லா ஓடிட்டிருந்ததா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து 'உங்க கஷ்டம் புரியுது' என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் கை வச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"தப்பு உங்க மேல இல்லை. ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க. ஆன் ஆகும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சுக்கோங்க."

"எதுக்கு?"

"பழைய வெர்ஷன் உள்ளேயேதான் இருக்கும். அதுக்குள்ள போய்ப் பார்ப்போம்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் போராடுறதைப் பக்கத்துல இருந்து பார்த்தவதானே" என்றாள், தேன் ஒழுகும் குரலில்.

முதல் தடவை பதற்றத்தில் விரல் நழுவிவிட்டது. "பரவாயில்லை, நிதானமா இன்னொரு தடவை" என்றாள். இப்படி ஒரு மனைவி வாய்க்க என்ன புண்ணியம் பண்ணினோமோ என்று அவர் உருகிப்போனார். மறுபடி அழுத்தினார். ஒரு பட்டியல் வந்தது. பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுத்தார். மகளின் படம் போட்ட டெஸ்க்டாப் முழுசாக வந்து நின்றது.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டி வெகு நேரமாகியிருந்தது.

"போச்சே. உன் வேலையை நானே கெடுத்துட்டேனே. இனிமே ஜென்மத்துக்கும் அப்டேட் இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். மன்னிச்சுடும்மா."

தண்ணீர் ஜாடியில் சாய்ந்திருந்த செல்போன் கனைத்தது.

"மேடம், டெஸ்ட்டுக்குன்னு நாங்க ஒரு கஸ்டமரைத் தயார் பண்ணி வச்சிருந்தோம். லேப்டாப் போச்சுன்னு நீங்க போன் பண்ணினதும், அவருக்குப் பதிலா இதையே டெஸ்ட்டா வச்சுக்கிட்டோம். உங்க வீட்டுல இருக்கிறவர் அவரைவிடக் கஷ்டமான கேஸா இருக்கார். நம்ம ஹெல்ப்லைனுக்கு இந்தப் பொறுமைதான் வேணும். திங்கக்கிழமையே சேர்ந்துடுங்க."

"ரொம்ப நன்றி சார்" என்று அவள் போனை அணைத்தாள். சரியாக அணைந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள்.