காட்டுவதற்கு ஒரு பிள்ளை

ஆய்வுக்கு வந்த டாக்டரம்மா குனிந்து அறைக்குள் நுழைந்ததும், பூசணியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

பூசணி என் பிள்ளை இல்லை. பக்கத்து அறைக்காரியின் மகள். தோட்டத்துக் கூலிகள் இருக்கிற எங்கள் தகரக்கூரை அறை வரிசையிலேயே கொழுகொழுவென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பெயர்.

என் மகள் மோட்டார் அறையில் பக்கத்து அறைக்காரியின் மடியில் கிடந்தாள். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் இருமல் வெளியே கேட்காதாம். எல்லாம் மேஸ்திரியின் மூளை. கணக்கில் எங்கள் அறைக்கு ஒரு பிள்ளை இருந்ததால், அவளுக்குப் பதில் பூசணியைக் காட்டச் சொன்னதும் அவன்தான்.

“சீக்குப் பிள்ளைய வெளிய காட்டினே, நாளைக்கே புருஷனும் பொண்டாட்டியும் ரோட்டுலதான்” என்று காலையிலேயே சொல்லிவிட்டான்.

வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் தக்காளி பறிப்பின்போது கடைசி அறைக்காரர் ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் இருமித் தொலைத்தார். மறுநாள் அந்த அறையில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு எங்கள் அறைக்கு வந்த யோகத்தைப் பார்க்க வேண்டுமே! ஈரம் ஊறி ஊறிக் கறுத்த சுவருக்குச் சுண்ணாம்பு. ஜன்னலே இல்லாத சுவரில் ஜன்னல் திரை. நாங்கள் தலை வைத்துப் படுக்கிற மூலையில் அடுக்கியிருந்த பூச்சிமருந்துக் கேன்களின் மேல் ஒரு பூப்போட்ட போர்வையைப் போட்டு, அதை மேசை ஆக்கிவிட்டார்கள். செடியில் புழு விழுந்தால் அன்றைக்கே மருந்து வந்து இறங்கும். எங்களுக்குத்தான் ஒன்றும் வராது.

வழக்கமாக வருகிறவர்கள் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்த அம்மா உள்ளே வந்து அந்தக் கேன்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோளில் தொங்கிய பையில் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

எத்தனை நாள் ஏங்கிய டாக்டர்! கை நீட்டினால் தொட்டுவிடலாம். என் கையில் இருந்ததோ ஊரான் பிள்ளை.

மேஸ்திரி வாசலில் நின்று முறைத்தான். முறைக்கட்டும், நாசமாய்ப் போகிறவன். ஒரே ஒரு பாட்டில் கிடைத்தால் போதும்.

“ராத்திரியில கொஞ்சம் இருமுது டாக்டர். மூச்சு விடறப்ப விசில் மாதிரி சத்தம் வருது. சாயங்காலமானா உடம்பு சுடுது.”

அத்தனையும் என் மகளுக்கு இருப்பது. பூசணியின் பேரில் சொல்லிவிட்டேன்.

பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பூசணியை மடியில் வாங்கி, நெஞ்சில் குழாயை வைத்தார்.

செத்தேன். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற பிள்ளை. அவள் நெஞ்சில் என்ன கேட்கப்போகிறது? குட்டு உடையப்போகிறது.

டாக்டரம்மா குழாயை மாற்றி மாற்றி வைத்தார். முதுகைத் திருப்பிக் கேட்டார். மறுபடியும் நெஞ்சுக்கே வந்தார். பிறகு பூசணியின் காலைப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார்.

விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

“இது சதை இல்லம்மா. வீக்கம்” என்றார். “நெஞ்சும் நல்லா இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு மாசமாவது ஆகும், அம்மா கூடவே இருக்கணும்.”

எங்கள் வரிசையில் நல்ல பிள்ளை என்று தேடிப் பொறுக்கி எடுத்த பிள்ளை அது.

வாசலில் நின்றவன் ஒரே நொடியில் மூஞ்சியை மாற்றிக்கொண்டு ஓடிவந்தான். “போயிட்டு வாம்மா, பிள்ளை உசுரு முக்கியம்” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். டாக்டரம்மா வந்த ஜீப்பில் ஏற்றிவிடுகிற சாக்கில் என் காதருகே குனிந்தான்.

“உன் பொண்ணு இங்க என்கிட்டதான் இருக்கா. அங்க போய் ஏதாவது உளறினே, அப்புறம் தெரியும்.”

சொல்லிவிட்டு அவனும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஜீப் கிளம்பியது. தன் மகளை எங்கேயோ கொண்டுபோகிறார்கள் என்று பக்கத்து அறைக்காரிக்குத் தெரியாது. அவள் என் மகளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பாள், பாவி. நல்ல மனசுக்காரி. பூசணி ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா என் கையைத் தொட்டார். “நல்ல வேளை, நீங்களா வாயத் திறந்து சொன்னீங்க. இல்லன்னா இவளப் பாத்து யாருக்குச் சந்தேகம் வரும்? இன்னும் கொஞ்சம் விட்டு, ரத்தமா துப்ப ஆரம்பிச்சிருந்தா என் கையில ஒண்ணும் இல்ல.”

காலையில் என் மகள் துப்பியதை யாரும் பார்ப்பதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் அவளைத் தூக்கிக் கொடுத்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முன்சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். கேவல்தான் வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் அது நிற்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“அழாதீங்கம்மா. உங்க பொண்ணு பொழைச்சுக்குவா.”