கிளப்பின் முதல் பந்து

"பிரிக்க வேணாம் தம்பி. வெளியிலயே ஒட்டித் தரேன்," என்றார் பந்து தைக்கும் பெரியவர்.

"நாளைக்கு எங்க கிளப்போட நூறாவது வருஷ ஊர்வலம். முன்னாடி போறதே இந்தப் பந்துதான், உள்ள காத்து நிக்கணும். பிரிங்க," என்றார் செயலாளர்.

அது தங்களிடமிருந்து திருடிய பந்து என்று எதிர்த்தெரு கிளப் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தது. அந்தப் பேச்சில் எத்தனையோ மண்டைகள் உடைந்திருந்தன. செயலாளரின் நெற்றியிலும் ஒரு தழும்பு உண்டு.

தையல் பிரிந்தது. தோலின் உட்புறத்தில் எதிர்த்தெரு கிளப்பின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

செயலாளர் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தைச்சிடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

பெரியவர் ஊசியில் நூலைக் கோத்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி உங்கப்பாவும் இப்படித்தான், கதவைச் சாத்திட்டு வந்து சொன்னாரு."